மோர்ஸ் குறியீடு: கண்ணால் மனப்பாடம் செய்ததைக் காதுக்குக் கொண்டுவருவது எப்படி?

மோர்ஸ் குறியீட்டின் எழுத்துப் பட்டியல் முழுவதையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டதாகவும், எந்த எழுத்தைச் சொன்னாலும் அதற்குரிய புள்ளிகளையும் கோடுகளையும் உடனே எழுதிக் காட்ட முடிவதாகவும், ஆனால் அதையே ஒலியாகக் கேட்டால் மூன்றாவது எழுத்துக்குள் திணறிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். சில நாள் தொடாமல் விட்டால் பாதி மறந்துபோகிறது என்றும், இது வயதின் கோளாறா அல்லது கற்ற முறையின் கோளாறா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முறையின் கோளாறுதான். பணி ஓய்வுக்குப் பிறகு மோர்ஸைத் தொடங்கிச் சரளமாக உரையாடும் நிலையை எட்டியவர்கள் அமெச்சூர் வானொலியில், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் உரையாடுவோரிடையே, ஏராளமாக இருக்கிறார்கள்; இளம் வயதினருக்குச் சற்று விரைவாக வரும், அவ்வளவே. ஓர் எழுத்து ஒலிக்கும்போது நீங்கள் முதலில் அந்த ஒலியைப் புள்ளியாகவும் கோடாகவும் மாற்றுகிறீர்கள், பிறகு மனத்திலுள்ள பட்டியலில் அந்த வரிசையைத் தேடுகிறீர்கள், அதற்குப் பிறகே எழுத்தைக் கண்டெடுக்கிறீர்கள். சரளமாகக் கேட்பவருக்கு இந்த மூன்று படிகளும் கிடையாது. ஒலி விழுந்தவுடன் எழுத்து தெரிகிறது. நடுவில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை.

இதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். மோர்ஸில் புள்ளிக்குரிய குறுகிய ஒலியான டிட் (எழுத்தின் இறுதியில் வராதபோது டி) ஓர் அலகு நீளம் என்றால் கோட்டுக்குரிய நீண்ட ஒலியான டா மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கிடையே ஓர் அலகு மௌனம், எழுத்துகளுக்கிடையே மூன்று அலகு, சொற்களுக்கிடையே ஏழு அலகு. வேகத்தை அளப்பதற்கு ஆங்கில எழுத்துகளில் ‘பாரிஸ்’ என்ற சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதன் பின்வரும் இடைவெளியையும் சேர்த்து அது சரியாக 50 அலகு வருகிறது. இதன்படி நிமிடத்துக்கு 5 சொல் என்ற வேகத்தில் ஒரு டிட் 240 மில்லிவினாடி நீடிக்கும். 20 சொல் வேகத்தில் 60 மில்லிவினாடிதான். ஐந்து எழுத்துச் சொல் என்று கொண்டால், 5 சொல் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 2.4 வினாடி கிடைக்கிறது. மனப் பட்டியலைப் புரட்டிப் பார்க்க அது போதும். 10 சொல் வேகத்தில் 1.2 வினாடியாகிறது, புரட்டுவதற்குள் அடுத்த எழுத்து வந்து நிற்கிறது. 20 சொல் வேகத்தில் 0.6 வினாடி. அதற்குள் எண்ணித் தேடி எழுதுவது யாருக்கும் நடவாத காரியம். பட்டியலை நம்பிக் கற்றவர்கள் பெரும்பாலும் 10 சொல்லை ஒட்டிய வேகத்தில் முட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுவே. அவர்கள் திறமைக் குறைவானவர்கள் அல்லர். தேடும் வேலை அந்த வேகத்துக்கு மேல் செல்லாது, அவ்வளவுதான்.

பழைய உரிமத் தேர்வுகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து. அமெரிக்காவில் அமெச்சூர் வானொலியின் தொடக்க நிலைத் தேர்வு நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் இருந்தது. மேல்நிலைகளுக்கு 13, 20 என்று ஏறிச் சென்றது. 5 சொல்லில் தேறுவதற்குப் பட்டியல் மனப்பாடமே போதும் என்பதால் பலர் அதை வைத்துத் தேறிவிட்டு, 13க்குத் தயாராகும்போது எல்லாவற்றையும் அழித்து மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு மோர்ஸ் தேர்வைக் கட்டாயமாக வைத்திருக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. அமெரிக்கா 2007 பிப்ரவரியில் அதை முற்றிலும் நீக்கியது. இன்று இதைக் கற்பவர் பெரும்பாலும் விருப்பத்துக்காகக் கற்கிறார். 5 சொல்லில் தேறியாக வேண்டிய அவசரம் இல்லாதபோது அந்தக் குறுக்கு வழியும் தேவையில்லை.

மோர்ஸ் ஒலியாகப் பிறந்ததல்ல என்பது இதில் சுவையான செய்தி. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் சாமுவேல் மோர்ஸ் முதல் அதிகாரபூர்வத் தந்தியை அனுப்பிக் காட்டியபோது, மறுமுனையில் ஆல்ஃபிரட் வெய்லிடம் இருந்த கருவி காகித நாடாவில் குறிகளைப் பதித்தது. அவற்றைக் கண்ணால் படிப்பதே திட்டம். ஆனால் நாள் முழுவதும் அந்தக் கருவியின் அருகில் உட்கார்ந்திருந்த தந்தியாளர்களுக்கு, நாடாவைப் பார்க்காமலேயே கருவி எழுப்பும் டிக் டிக் ஓசையிலிருந்து செய்தி புரியத் தொடங்கியது. நிர்வாகத்தினர் சில இடங்களில் இதைக் கண்டித்தார்கள்கூட. முடிவில் நாடா போய், ஓசை எழுப்புவதற்கென்றே செய்யப்பட்ட கருவி அதன் இடத்துக்கு வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர்களுடைய காது தானாகக் கண்டுகொண்ட வழியை, நாம் பட்டியலில் தொடங்கி மறுபடியும் தலைகீழாக நடக்கிறோம்.

ஆகவே என் முதல் ஆலோசனை: பட்டியலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கற்றதை மறக்க முயல வேண்டாம். அது முடியாது, தேவையும் இல்லை. அதைப் பயன்படுத்த நேரம் கிடைக்காத வேகத்தில் எழுத்துகளைக் கேட்கத் தொடங்கினால் போதும். எழுத்தின் வேகத்தை 20 சொல்லில் வையுங்கள். ‘கே’ என்ற எழுத்து அந்த வேகத்தில் டா-டி-டா என்று ஒரே வீச்சில், அரை வினாடிக்கும் சற்று மேலாக, ஒரு சிறு ராகத் துணுக்கைப் போல வந்து போகும். அதில் எத்தனை கோடு, எத்தனை புள்ளி என்று பிரிக்க மனத்துக்கு வாய்ப்பில்லை. அச்சிட்ட சொல்லைப் படிக்கும்போது எழுத்துகளின் வளைவையும் கொம்பையும் தனித்தனியே பார்க்காமல் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறோமே, ஒலியிலும் அதுதான் நடக்க வேண்டும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லோ வாக்கியமோ படமோ வைத்து நினைவூட்டிக்கொள்ளும் முறைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கேட்டு எழுதுவதற்கு அவை உதவாது என்று மட்டும் சொன்னால் குறைத்துச் சொன்னதாகும், அவை இடைஞ்சல். ஒலிக்கும் எழுத்துக்கும் நடுவில் ஏற்கெனவே இருக்கும் பட்டியல் போதாதென்று, இன்னொரு பொருளை அவை கொண்டுவந்து வைக்கின்றன. அவற்றுக்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. 2018இல் கூகுள் தன் ஜிபோர்டு விசைப்பலகையில் மோர்ஸ் உள்ளீட்டைச் சேர்த்தது. கைகளை எளிதில் அசைக்க முடியாதவர்கள் ஓரிரு சுவிட்சுகளைக் கொண்டே தட்டச்சு செய்வதற்கு அது பயன்படுகிறது. அங்கே எழுத்திலிருந்து குறிக்குச் செல்கிறோம், நேரமும் நம் கையில் இருக்கிறது. படங்களை வைத்துக் கற்றால் ஒரு நாளிலேயே தட்டத் தொடங்கிவிடலாம். உங்கள் நோக்கம் வானொலியில் கேட்பது என்பதால் அந்த வழி உங்களுக்கு ஆகாது.

இனி முறை. 1930களில் ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் லுட்விக் கோக் தந்தியாளர் பயிற்சியை ஆராய்ந்து ஒரு வழியை வகுத்தார். வழக்கமான பயிற்சியில் எல்லா எழுத்துகளையும் மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக வேகத்தைக் கூட்டுவார்கள். கோக் அதைத் திருப்பிப்போட்டார்: வேகம் முதல் நாளிலிருந்தே இலக்கு வேகம், கூட்டிக்கொண்டு போவது எழுத்துகளின் எண்ணிக்கையை. இரண்டே எழுத்துகளில் தொடங்கி, அவை மாறி மாறி ஒலிப்பதைக் கேட்டு எழுதி, நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்ததும் மூன்றாவதைச் சேர்ப்பது. இன்றைய பயிற்சி மென்பொருள்களில் பரவலாக உள்ள வரிசை கே, எம், யூ, ஆர், ஈ, எஸ் என்று தொடங்குகிறது. முதல் நாள் ‘கே’யும் ‘எம்’மும் மட்டும்: டா-டி-டா, டா-டா. பத்து நிமிடத்தில் இரண்டையும் பிரித்தறிவீர்கள். இரண்டே எழுத்துதான் என்றாலும் அவற்றை முழு வேகத்தில் அறிகிறீர்கள் என்பதால், பட்டியல் முழுவதையும் 5 சொல்லில் அறிந்ததைக் காட்டிலும் இது பெரிய முன்னேற்றம்.

இந்த முறையில் ஒரே சிரமம், எழுத்துகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் இல்லாததுதான். ரஸ் ஃபார்ன்ஸ்வர்த் என்ற அமெரிக்க அமெச்சூரின் பெயரால் அழைக்கப்படும் முறை அதைத் தீர்க்கிறது: எழுத்தை 20 சொல் வேகத்தில் ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கும் சொற்களுக்கும் இடையிலான மௌனத்தை மட்டும் நீட்டிவிடுவது. எழுத்து வேகம் 20, மொத்த வேகம் 8 என்று மென்பொருளில் வைத்தால் எழுத்தின் ஒலி வடிவம் சிதையாது, எழுதுவதற்கும் நேரம் கிடைக்கும். நீட்டிய மௌனத்தில் மறுபடியும் பட்டியலைத் தேடும் பழக்கம் நுழைந்துவிடும் என்று சிலர் இதை ஏற்பதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் முதல் சில வாரங்களுக்கு இது இல்லாமல் பலர் மனமொடிந்து விட்டுவிடுகிறார்கள் என்பதால் நான் இதையே பரிந்துரைக்கிறேன். புதிய எழுத்து சேரும்போது இடைவெளியைப் பெரிதாக்கி, பழகியதும் குறைத்துக்கொண்டே வாருங்கள். எழுத்தின் வேகத்தில் மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் கை வைக்காதீர்கள்.

மூன்றாவதாக ஒருவரைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கான மோர்ஸ் பயிற்சியை ஆராய்ந்த உளவியலாளர் ஃபிரெட் கெல்லர், எளிய மாற்றம் ஒன்றைச் செய்தார். ஒலி வரும்; மாணவர் எழுதுவதற்குச் சிறிது நேரம் விடப்படும்; உடனே குரல் அந்த எழுத்தின் பெயரைச் சொல்லும்; பிறகு அடுத்த ஒலி. சரியா தவறா என்பது பக்கத்தின் முடிவில் தெரியாமல் அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. புதிய எழுத்தைச் சேர்க்கும் நாளில் முதல் ஐந்து நிமிடத்தை இப்படிச் செலவிடுங்கள். கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் எழுத்தைக் குரலில் சொல்லும் வசதி இருக்கிறது.

பயிற்சி நேரத்தைப் பொறுத்தவரை, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, பத்துப் பதினைந்து நிமிடமாக நாளில் இரண்டு மூன்று முறை உட்காருவது பலன் தரும். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் பிழைகள் பெருகுவதை நீங்களே காண்பீர்கள். பிழையோடு தொடர்ந்து கேட்டால் பிழைதான் பழகும். ஒலியின் சுருதியை 600 முதல் 700 ஹெர்ட்ஸ் வரை வைப்பது பெரும்பாலோருக்கு இதமாக இருக்கும்; எப்போதும் ஒரே சுருதியில் கேட்காமல் அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சிப் பாடமும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். ஒரே ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மோர்ஸைவிட அந்தப் பதிவின் வரிசைதான் முதலில் மனப்பாடமாகும்.

இந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, தவறிய எழுத்தைத் தவறவிடத் தெரிந்துகொள்வது. பயிற்சியில் பொருளற்ற ஐந்து எழுத்துக் குழு ஒன்று வருகிறது. இரண்டாவது எழுத்து பிடிபடவில்லை. அது என்னவாக இருக்கும் என்று மனம் அங்கேயே நின்றுவிட்டால் மூன்றாவதும் நான்காவதும் காதில் விழாமலே போய்விடும். ஓர் எழுத்தின் இழப்பு மூன்றாகிவிடும். அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்த ஒலிக்குக் காத்திருங்கள். நீங்கள் மூன்றாவது எழுத்தில் திணறிவிடுவதாகச் சொன்னது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்: மூன்றாவது எழுத்து உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும், ஆனால் அது ஒலிக்கும்போது நீங்கள் இரண்டாவதை இன்னும் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சில எழுத்துகள் எல்லோரையும் குழப்பும். டிட்டுகள் மட்டுமே கொண்ட ‘எஸ்’, ‘எச்’, எண் 5 ஆகியவை முதல் வரிசையில் நிற்பவை: மூன்று டிட், நான்கு டிட், ஐந்து டிட். எண்ணிப் பார்க்கத் தோன்றும், எண்ண முடியாது. 20 சொல் வேகத்தில் ‘எஸ்’ 300 மில்லிவினாடி நீடிக்கிறது, ‘எச்’ 420, எண் 5 என்றால் 540. காது பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த நீள வேறுபாட்டைத்தான். இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதல்ல. குழப்பும் இரண்டை மட்டும் தனியே எடுத்து, மற்ற எழுத்துகள் எதுவும் இல்லாமல், ஐந்து நிமிடம் மாறி மாறிக் கேட்பது. வேகத்தைச் சற்றுக் கூட்டிக் கேட்டால் சிலருக்கு இன்னும் எளிதாகப் பிரிகிறது. எண்ணும் ஆசை அற்றுப்போவதால் அப்படி இருக்கலாம். டி-டா என்ற ‘ஏ’யும் டா-டிட் என்ற ‘என்’னும், டி-டா-டா என்ற ‘டபிள்யூ’வும் டா-டா-டிட் என்ற ‘ஜி’யும் ஒன்றையொன்று திருப்பிப்போட்டவை. பட்டியலில் படித்தவருக்கு இவை பெருந்தொல்லை, ஏனெனில் காகிதத்தில் அவை கண்ணாடிப் பிம்பங்கள். காதால் கற்றவருக்கு அவ்வளவு தொல்லையில்லை. ஒலியில் அவை ஒத்தவையே அல்ல.

இன்னொரு நுட்பம், அடிக்கடி வரும் எழுத்துகளே மிகக் குறுகியவை என்பது. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ‘ஈ’க்கு ஒரே ஒரு டிட், ‘டீ’க்கு ஒரே ஒரு டா. தந்தியில் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு இது. 1848இல் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் கெர்க்கே திருத்தியமைத்து, 1865இல் பாரிஸ் மாநாட்டில் சர்வதேச வடிவமாக ஏற்கப்பட்ட இன்றைய குறியீட்டிலும் அது தொடர்கிறது. அனுப்புபவருக்கு இது வசதி. கேட்கும் புதியவருக்கோ, ‘ஈ’ வந்ததே தெரியாமல் போய்விடும். நீண்ட எழுத்துகள் தெளிவாகக் கேட்டும் சொல் உருவாகவில்லை என்றால், நடுவே ‘ஈ’ நழுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லா எழுத்துகளும் வந்த பிறகு, சில மாதங்களில், முன்னேற்றம் நின்றுபோனது போலத் தோன்றும் ஒரு காலம் வரலாம். இது புதிய அனுபவமல்ல. அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1897இலும் 1899இலும் வெளியிட்ட ஆய்வுகளில், தந்தி கற்பவர்களின் கேட்கும் திறன் ஏறிச் சென்று, ஓரிடத்தில் வாரக்கணக்கில் அசையாமல் நின்று, பிறகு மறுபடியும் ஏறுவதைக் காட்டினார்கள். எழுத்துகளை அறிவது ஒரு பழக்கம், சொற்களை முழுதாக அறிவது அதற்கு மேற்பட்ட இன்னொரு பழக்கம். முதலாவது முற்றிலும் தன்னியல்பாகும் வரை இரண்டாவது தொடங்குவதில்லை, அந்த இடைக்காலமே தேக்கமாகத் தெரிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். முன்பு சொன்ன கெல்லர் 1958இல் இதை மறுத்து, இத்தகைய தேக்கம் கட்டாயமாக வர வேண்டியதல்ல என்று எழுதினார். நடைமுறையில் இரண்டு தரப்பிலும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: தேக்கம் வந்தால் அஞ்ச வேண்டாம், ஆனால் அதே பயிற்சியையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு அது தானாக விலகும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் பயிற்சியின் தன்மையை மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றுவது? எழுத்துக் குழுக்களை விட்டுச் சொற்களுக்கு வாருங்கள். அதுவரை பொருளற்ற குழுக்களைக் கேட்டதற்குக் காரணம், ஊகித்து எழுதும் வழியை அடைத்து வைப்பது. எழுத்துகள் உறுதியான பிறகு ஊகம் குற்றமல்ல, துணை. ஆங்கிலத்தில் மிக அடிக்கடி வரும் நூறு சொற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒலியாகக் கேட்டுப் பழகுங்கள். ஆங்கிலச் சுட்டுச் சொல்லான ‘தி’ டா, டி-டி-டி-டிட், டிட் என்று வரும். சில நாளில் அதில் மூன்று எழுத்துகள் இருப்பதே உறைக்காமல் ஒரு சொல்லாகக் கேட்கும். கூடவே பேனாவைக் கீழே வையுங்கள். எழுதிக்கொண்டே கேட்பவரை அவர் கையின் வேகம் கட்டிப்போடுகிறது. நிமிடத்துக்கு 20, 25 சொல்லுக்கு மேல் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எழுதுவது பெரும்பாலோருக்குப் பெரும்பாடு. மனத்திலேயே சொல்லைக் கட்டிக்கொண்டு போவது தொடக்கத்தில் மூன்று எழுத்துச் சொல்லுக்கே கடினமாக இருக்கும். சொல்லின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும். இரண்டு எழுத்துச் சொற்களில் தொடங்கி ஒன்றொன்றாக நீட்டினால் அந்தப் பிடிப்பு வளரும்.

வானொலியில் நடப்பதைக் கேட்பது இந்தக் கட்டத்தில் பெரிய துணை. கேட்பதற்கென்று கருவி வாங்கத் தேவையில்லை. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் உள்ளதைப் போன்ற இணைய வழி ஏற்பிகளை உலாவியிலேயே திறந்து, 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளின் அடிப்பகுதியில் தேடினால் மோர்ஸ் உரையாடல்கள் கிடைக்கும். டா-டி-டா-டிட், டா-டா-டி-டா என்ற ‘சி கியூ’ அழைப்பு, யார் வேண்டுமானாலும் பதில் தரலாம் என்று பொருள்படுவது, உங்கள் காதில் முதலில் பதியும். உரையாடல்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருப்பதால் அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிடும்: அழைப்புக்குறி (அந்த நிலையத்தின் அடையாளப் பெயர்), ஒலித்தரத்தைச் சொல்லும் எண், பெயர், இடம், வாழ்த்தாக 73. ஒலித்தர எண்ணான 599ஐப் பலர் முழுதாக அனுப்புவதில்லை. நீளமான 9க்குப் பதிலாக ‘என்’ எழுத்தை இட்டு ‘5 என் என்’ என்று முடித்துவிடுவார்கள். பட்டியலை மட்டும் படித்தவர் முதல் முறை இதைக் கேட்டால் விழிப்பார்.

இவற்றைவிட ஒழுங்கான பயிற்சி வேண்டுமென்றால் 14.100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் போங்கள். அங்கே உலகின் பல பகுதிகளில் உள்ள 18 வழிகாட்டி நிலையங்கள், ஒவ்வொன்றும் பத்து வினாடியாக, மூன்று நிமிடச் சுற்றில் முறைவைத்து ஒலிபரப்புகின்றன. ஒவ்வொரு நிலையமும் தன் அழைப்புக்குறியை நிமிடத்துக்கு 22 சொல் வேகத்தில் ஒரு முறை சொல்லிவிட்டு, ஒவ்வொரு வினாடி நீளமுள்ள நான்கு ஒலிகளை 100 வாட், 10 வாட், 1 வாட், 0.1 வாட் என்று சக்தியைக் குறைத்துக்கொண்டே அனுப்பும். அலைகள் எந்தத் திசையில் நன்றாகச் செல்கின்றன என்று அறிவதற்காக வைக்கப்பட்டவை இவை; ஆனால் மனிதர் கையால் தட்டாத, நேர அளவு பிசகாத, முழு வேக மோர்ஸ் இலவசமாகக் கிடைப்பதால் கற்பவருக்கும் ஏற்றது. இந்த நிலையங்களின் பட்டியல் வெளியில் கிடைக்கிறது. முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அனுப்புவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் கேட்கத் தெரிந்தவருக்கு அது எளிதாகவே வரும். நல்ல மோர்ஸ் எப்படி ஒலிக்கும் என்று காதில் பதியாத நிலையில் மோர்ஸைத் தட்டி அனுப்பும் கருவியான சாவியைக் கையில் எடுத்தால் தவறான தாளமே பழகிவிடும் என்பதால், எழுத்துகளில் பாதியாவது உறுதியாகும் வரை பொறுங்கள். செங்குத்தாக அழுத்தும் பழைய பாணிச் சாவியா, இரு பக்கமும் தொட்டு இயக்கும் பேடிலா என்று கேட்டால், புதியவருக்குப் பேடிலே நல்லது என்பேன். டிட், டாவின் நீளத்தை மின்னணுச் சுற்றே கணக்கிட்டுத் தருவதால் கை பிசகினாலும் ஒலி பிசகாது. பழைய சாவியில்தான் அழகு என்போர் உண்டு, அதை மறுக்கவில்லை. அதைத் தேர்ந்தால் விரலால் குத்தாமல் மணிக்கட்டு அசைய அழுத்துங்கள். நாள் முழுவதும் சாவி தட்டிய பழைய தந்தியாளர்களுக்குக் கை செயலிழந்து வலிக்கும் நோய் வந்ததுண்டு. எந்தச் சாவியானாலும் எல்லோரும் செய்யும் பிழை இடைவெளியில்தான். ‘ஏ’ என்ற எழுத்தில் டிட்டுக்கும் டாவுக்கும் நடுவே ஓர் அலகுக்குப் பதில் மூன்று அலகு விட்டுவிட்டால், கேட்பவர் காதில் அது ‘ஈ’, ‘டீ’ என்று இரண்டு எழுத்தாகிவிடும். நீங்கள் அனுப்பியதைப் பதிவு செய்து, மறுநாள் கேட்டு எழுதிப் பாருங்கள்; பிழைகள் தெளிவாகத் தெரியும். வானொலியில் அனுப்புவதற்கு உரிமம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேசையில் ஒலிப்பானோடு பழக எதுவும் வேண்டாம். முதல் உரையாடலில் எதிர்முனை விரைந்து போனால் ‘கியூ ஆர் எஸ்’ என்று அனுப்புங்கள். மெதுவாக அனுப்புக என்று பொருள். கூச்சம் வேண்டாம், அதைக் கேட்டு வேகத்தைக் குறைப்பது அங்கே எழுதப்படாத மரியாதை.

இனி மறதி. பட்டியலாகக் கற்றது விரைவில் மறப்பது இயல்பு. ஒலியாகக் கற்றது அப்படிக் கலைவதில்லை. கப்பல்களில் வானொலி அதிகாரிகளாகப் பணிபுரிந்தவர்கள், 1999இல் கடல்வழி மோர்ஸ் வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் தங்கள் கப்பலின் அழைப்புக்குறியைக் கேட்டதும் அறிந்துகொள்வதற்கு இதுவே காரணம். ஆனால் அவர்களிடமும் ஒன்று தேய்ந்திருக்கும்: வேகமும், நீண்ட சொல்லை மனத்தில் தாங்கும் பிடிப்பும். உங்களைப் போலப் பொழுதுபோக்காகக் கற்பவருக்கு, எல்லா எழுத்துகளும் உறுதியான பிறகு, நாளுக்குப் பத்து நிமிடம் கேட்டால் அந்தப் பிடிப்பு நழுவாது. வழியில் தென்படும் பெயர்ப்பலகைகளையும் வண்டி எண்களையும் மனத்துக்குள் டிட், டா என்று சொல்லிப் பார்க்கும் பழக்கத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது அனுப்பும் திறனுக்கு நல்லது. கேட்கும் திறனுக்கு அதனால் பெரிதாக எதுவும் சேராது, எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் பாதை வேறு, ஒலியிலிருந்து எழுத்துக்கு வரும் பாதை வேறு என்பதால்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்ப வரும்போது வேகத்தைக் குறைத்துத் தொடங்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பழைய எண்ணும் பழக்கம் அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும். எழுத்தின் வேகத்தை விட்ட இடத்திலேயே வைத்து, இடைவெளியை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள். முதலில் நழுவியிருப்பவை அரிதாக வரும் ‘கியூ’, ‘எக்ஸ்’, ‘இசட்’ போன்றவையும், நிறுத்தக்குறிகளும், 6 முதல் 9 வரையிலான எண்களுமாகவே இருக்கும். அவற்றை மட்டும் தனியே எடுத்து, இரண்டு இரண்டாக, முதல் நாளில் ‘கே’யையும் ‘எம்’மையும் கேட்ட அதே முறையில் கேளுங்கள், மற்றவை இரண்டொரு நாளில் தாமாக வந்து சேரும்.